36 அறை டப்பா, ஒரு கவிழ்ப்பு, அப்புறம் அம்மாவின் முறம்

மணி, கல் வைக்கிற இந்த 36 அறை டப்பா வாங்கி நான்கு மாதம் ஆகிறது. உடனே விமர்சனம் எழுதாமல் இருந்ததும் நல்லதுக்குத்தான். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு, இப்போது அதை அழிக்க வழி தேடிக்கொண்டிருப்பேன்.

நான் பட்டு நூல் வளையல், பாசிமணி வேலை, கொஞ்சம் குவில்லிங் (காகிதச் சுருள் வேலை) எல்லாம் செய்கிறவள். விற்பதற்கு இல்லை, வீட்டு விசேஷங்களுக்குக் கொடுக்க. சென்னையில் சவுகார்பேட்டைப் பக்கம் போனால் கை சும்மா இருக்காது. ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நாராயண முதலி தெரு, ரத்தன் பஜார் என்று ஒரு சுற்று வந்தால் பை நிறைந்துவிடும் (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும்). வாங்குவது சுலபம், வைப்பதுதான் பிரச்சினை. எல்லாம் கவரோடு ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. அப்போதுதான் ஆன்லைனில் இந்த டப்பா கண்ணில் பட்டது. 36 அறை, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், தடுப்புகளைக் கழற்றி அறையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், விலை 249 ரூபாய். படத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம், பார்க்கவே அவ்வளவு அழகு. வாங்கிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 27 சென்டிமீட்டர் நீளம், 17 அகலம், மேஜை டிராயரில் கச்சிதமாக உட்காருகிறது. திறக்காமலே எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அண்ணியின் வளைகாப்புக்கு 45 பேருக்கு வளையல் செய்ய உட்கார்ந்தபோது, "பச்சை எங்கே, பச்சை எங்கே" என்று தேடாமல் முதல் முறையாக நிம்மதியாக வேலை நடந்தது. அந்த நிம்மதி சரியாக ஆறு நாள்.

ஏழாம் நாள் என் மகன் டப்பாவை ஸ்கூல் நோட்டுப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். மூடி திறக்கவில்லை, ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. ஆனால் உள்ளே பார்த்தால் சிவப்பு நீலத்தில், நீலம் மஞ்சளில், எல்லாம் கலந்து சாம்பார். தடுப்புக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கழற்றக்கூடிய தடுப்பு என்பதால் அடியிலும் ஒட்டி உட்காரவில்லை. கல், கொக்கி, ஜிமிக்கி அடித்தட்டு என்று பெரிய சாமான் போட்டால் இது தெரியவே தெரியாது. பாசிமணி விஷயம் வேறு. அதில் நம்பர் கூடக் கூட மணி சின்னதாகிக்கொண்டே போகும். 6 நம்பர் நாலு மில்லிமீட்டர் இருக்கும், 8 நம்பர் மூன்று, 11 நம்பர் இரண்டுதான். பட்டு வளையலின் ஓரத்தில் சுற்றுவதற்கு நான் வாங்குவது அந்த 11 நம்பர். அதற்கு அந்த இடைவெளி திறந்து விட்ட கேட்.

ஒரு கிராமில் சுமார் 110 மணி இருக்கும். நான் வைத்திருந்தது ஏழு நிறம், நிறத்துக்கு 25 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். கூடவே கொஞ்சம் 8 நம்பரும் கலந்திருந்தது. வளைகாப்புக்கு ஒன்பது நாள்தான் பாக்கி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுக்குப் போய் யாராவது அழுவாளா, இரு" என்று சமையலறையிலிருந்து முறத்தை எடுத்து வந்தார். "புடைச்சா பறந்துடும், கொழிச்சுப் பார்க்கறேன்" என்று உட்கார்ந்து, அரிசியில் கல் பார்க்கிற அதே கையாட்டத்தில் ஆட்ட ஆட்ட, பெரிய மணி ஒரு பக்கம், சின்ன மணி ஒரு பக்கம் என்று பாதிக்கு மேல் பிரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் நிறத்தை எந்த முறமும் பிரிக்காது இல்லையா, அதற்கு மூன்று ராத்திரி ஈர விரலும் ஊசியும் ஆனது. போன வாரம்கூட அம்மா அரிசி புடைக்கும்போது முறத்தின் பின்னலிலிருந்து ஒரு நீல மணி வந்து விழுந்ததாம்.

சரி, விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மாற்றி ஒரு டப்பா வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே அச்சில் வார்த்த டப்பாவில் அதே இடைவெளிதானே இருக்கும்!

அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பாலிஸ்டைரீன். பளிச்சென்று இருக்கும், ஆனால் விழுந்தால் விரிசல் விடும், வளைந்து கொடுக்காது. மூடியின் கீல் ஒரு குட்டி முள்ளில்தான் நிற்கிறது, இரண்டாவது மாதமே ஒரு பக்கம் உடைந்தது. இன்னொன்று, மூடியில் ஒட்டியிருந்த பசையை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். பசை போனது, கூடவே மூடியின் பளபளப்பும் போய்ப் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. அது என் முட்டாள்தனம், டப்பாவின் குற்றம் இல்லை. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பா கிடைத்தால் அதை வாங்குங்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் கீல் ஆயிரம் தடவை மடங்கினாலும் தாங்கும்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். இரண்டு மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை மூடியின் உள்ளளவுக்கு வெட்டி ஒட்டினேன், மேல் இடைவெளி அடைந்தது. அடி இடைவெளிக்கு குளூ கன் வைத்து, உருகிய பசையை ஒவ்வொரு தடுப்பின் அடியிலும் இழுத்தேன். இப்போது நகர்த்த முடியாத தடுப்பு ஆகிவிட்டது. அதற்கு நகராத தடுப்புள்ள டப்பாவையே முதலில் வாங்கியிருக்கலாம், விலையும் குறைச்சல். மூடிக்குள் ஃபோம் இருப்பதால் நிறமும் மேலிருந்து தெரிவதில்லை. எதற்காக வாங்கினேனோ அதுவே போச்சு.

பாசிமணிக்கு இப்போது நான் வைத்திருப்பது ஓமியோபதிக் கடையில் மாத்திரைக்குக் கொடுக்கிற ஒரு அவுன்ஸ் பிளாஸ்டிக் குப்பிகள். திருகு மூடி, 25 கிராம் போட்டாலும் மேலே இடம் இருக்கும், மூடி மேல் ஒரு மணியை ஒட்டிவிட்டால் நிறமும் தெரியும். பட்டு நூல் கண்டுகளுக்குச் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி போதும். கண்டுகளின் நடுவில் ஒரு கம்பி கோத்து, பெட்டியின் பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டு நூல் முனையை வெளியே விட்டால் சிக்கல் விழாது. வளையலுக்கு 20 இழை சேர்த்து இழுக்கும்போது இது பெரிய உபகாரம். சுற்றி முடித்த வளையல்கள் பாத்ரூம் வேலையில் மிஞ்சிய 50 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் தொங்குகின்றன. 2.4 வளையல் என்றால் இரண்டும் பதினாறில் நான்கு பாகமும் சேர்ந்த அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர், அதனால் 2.4-ம் அதற்கு மேற்பட்ட அளவும் அதில் ஏறிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு அந்த 249 ரூபாயைத் தொடவில்லை.

36 அறை டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. காதணிக் கொக்கி, வளையம், குந்தன் கல், ஜிமிக்கித் தட்டு எல்லாம் அதில்தான். சென்னைக் காற்றுக்கு உலோகச் சாமான் சீக்கிரம் கருக்கும், அதனால் மாத்திரைப் பாட்டிலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நான்கு மூலையிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

கல், கொக்கி வைக்க மட்டும் என்றால் ஐந்துக்கு மூன்றரை. பாசிமணிக்கு என்றால் ஒன்று, அதுவும் மாற்றி அனுப்பிய மரியாதைக்கு. எந்த டப்பா வாங்கினாலும் வந்த அன்றைக்கே ஒரு ஸ்பூன் கடுகை ஓர் அறையில் போட்டு, மூடி, கவிழ்த்து, நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். 11 நம்பர் மணியும் கடுகும் ஏறக்குறைய ஒரே அளவு. கடுகு பக்கத்து அறைக்குப் போனால், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் அப்படியே பேக் செய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.