தொலைதூரக் கண் மருத்துவத்துக்கு எந்தப் பதிவேடு? டெல்டாவுக்கான ஓர் ஒப்பீடு

வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ இயங்கும் ஒரு கண் பரிசோதனை மையத்தில் பணியாளர் பார்வையை அளந்து, விழித்திரையைப் படமெடுத்து அனுப்ப, தஞ்சாவூரில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார் என்று கொள்வோம். அவர் கண்முன் வந்து சேரும் பதிவைப் பொறுத்தே அந்த முடிவு அமையும்.

நோட்டில் எழுதிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழி மலிவானது. ஆனால் புகைப்படமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால், சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் தொடக்கத்தில் தோன்றும் நுண்ணிய சிவப்புப் புள்ளிகள் மங்கிப்போகலாம். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழுக்க இணையத்தில் இயங்கும் மின்னணுப் பதிவேட்டின் அருமை, பார்வை நரம்பைச் சிதைக்கும் கண் நோயான கிளாக்கோமாவில் தெரியும். கண் அழுத்தம் வழக்கமான 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருந்தாலும் பார்வை நரம்பு சிதையக்கூடும் என்பதால், சென்ற ஆண்டின் நரம்புப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் மருத்துவர் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. மன்னார்குடியில் எடுத்த படமும் தஞ்சாவூரில் எடுத்த படமும் ஒரே பதிவில் இருந்தால்தான் அது நடக்கும். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய நாளில் இணையத்தை மட்டும் நம்பிய மையத்தால் பழைய பதிவைத் திறக்கவே முடியாது.

மையத்துக் கணினியிலேயே பதிந்து, இணையம் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும் மூன்றாவது முறையைக் கடலோர ஊர்களுக்கு நான் முதன்மையாகக் கருதுகிறேன்; பேட்டரி இருக்கும் வரை வேலை நிற்காது. இதிலும் சிக்கல் உண்டு. ஒரே நோயாளியின் பதிவு இரண்டு இடங்களில் திருத்தப்பட்டால், பிந்தையது முந்தையதை அழித்துவிடாமல் இரண்டும் நேரக் குறிப்போடு நிற்க வேண்டும். கணினி களவுபோனாலும் பிறர் படிக்க இயலாதபடி தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். குடும்பத்துக்கே ஒரு செல்போன் எண் இருக்கும் வீடுகளில் அந்த எண்ணை மட்டும் அடையாளமாகக் கொண்டால் மாமியாரின் அழுத்த அளவு மருமகளின் பதிவில் ஏறிவிடக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரசு வழங்கும் 14 இலக்க நலவாழ்வு அடையாள எண்ணான ஆபா (ABHA) இங்கே உதவும், அது இல்லாதவருக்குப் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடும் வசதி வேண்டும்.

மின்சாரமும் இணைய இணைப்பும் தடையின்றிக் கிடைக்கும் நகர மையங்களுக்கு இணையப் பதிவேடே போதுமானது. எதைத் தேர்ந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நோயாளியின் பதிவை டைகாம் (DICOM, மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) படங்களோடு முழுமையாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள்.