அலாஸ்கா ஆற்றுத்திட்டில் இறங்க வால்சக்கரமா, மூக்குச்சக்கரமா?

ஓடுதளமே இல்லாத சரளைத்திட்டில் இறங்க வேண்டுமென்றால் அலாஸ்கா விமானிகள் பலர் பைப்பர் சூப்பர் கப் போன்ற வால்சக்கர விமானத்தைத்தான் கேட்பார்கள். அதில் முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலின் கீழே ஒரு சின்னச் சக்கரம். காரணம் எளிது. மூக்கின் கீழே சக்கரம் இல்லை, மூக்கு தூக்கி நிற்பதால் புரொப்பெல்லர் கல்லில் இடிக்கும் வாய்ப்பு குறைவு, பெரிய குண்டு டயர் மாட்டினால் சிறு குழிகளையும் உருண்டு கடந்துவிடும்.

மூக்கின் கீழே சக்கரம் உள்ள செஸ்னா 182 விமானத்தில் அப்படியில்லை. மூக்குச்சக்கரம் ஈரமணலில் புதைந்தால் அதன் கால் மடங்கும், புரொப்பெல்லர் தரையைக் கொத்தும், அப்புறம் எஞ்சினையே பிரித்துச் சோதிக்க வேண்டும். பலமாக மோதினால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத்தகடும் நசுங்கும்.

சரி, வால்சக்கரம் சாதுவா? இல்லவே இல்லை. எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், பக்கக்காற்றில் கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும். காலால் உடனே திருத்தாவிட்டால் விமானம் சுழன்று இறக்கை தரையில் உரசும். திட்டு முடியப்போகிறதே என்று பயந்து பிரேக்கை அழுத்தினால் குப்புறக் கவிழும்.

கெட்டியான, நீளமான திட்டு, கூடவே பக்கக்காற்று என்றால் நான் மூக்குச்சக்கரத்தில்தான் ஏறுவேன். மற்ற இடங்களுக்கு வால்சக்கரம், ஆனால் ஓட்டுபவர் பழகியவராக இருக்க வேண்டும்.