குளிர்காலப் படகுக்கு ஜியோலைட் டீஹியூமிடிஃபையர்: வாங்கலாமா?

படகிலேயே குடியிருந்து குளிர்காலத்தை ஓட்டுகிறவர்கள் உள்ளே சேரும் ஈரத்தைப் போக்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், ஜியோலைட் என்ற ஈரம் உறிஞ்சும் கனிமத்தாலான உருளை வைத்த டீஹியூமிடிஃபையரைத்தான் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்கச் சொல்வேன். ஆனால் படகு துறையில் கட்டியிருக்க வேண்டும், கரையிலிருந்து மின்சாரம் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னுடையது இரும்புப் படகு. சன்னல்களுக்கு அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. குளிர் தொடங்கிவிட்டால் காலையில் முதலில் வியர்ப்பது கண்ணாடி அல்ல, அந்தச் சட்டம்தான். கீழ் விளிம்பில் முத்து முத்தாக நீர் கோக்கும். இரண்டு மூன்று சேர்ந்து கனத்ததும் வழிந்து, சட்டத்துக்கும் உட்பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய் நிற்கும். ஒட்டுப்பலகையின் ஓரம் முதலில் சாம்பல் நிறமாகும், அப்புறம் கறுக்கும். துணியால் துடைத்து இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் வருவது வெளியிலிருந்து அல்ல. நாமே உண்டாக்குவது. இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் ஓர் இரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் காற்றில் கலக்கும். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, காயப்போட்ட துணி எல்லாம் இதற்கு மேல்.

கடைகளில் அதிகம் கிடைப்பது கம்ப்ரஸர் வகை. குளிர்ந்த சுருளில் காற்றைப் படவிட்டு நீரை இறக்குவது அதன் வேலை. வீட்டுக்கு நல்ல கருவி. படகுக்குள் ஆளில்லாத பகலில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அப்போது அந்தச் சுருளிலேயே பனி படியும், கருவி நீர் எடுப்பதை விட்டுவிட்டுப் பனியை உருக்கிக்கொண்டிருக்கும். ஜியோலைட் வகையில் இந்தத் தொல்லை இல்லை. மெதுவாகச் சுழலும் ஓர் உருளை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதன் ஒரு பகுதியை உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாக்கி, உறிஞ்சிய ஈரத்தைப் பிரித்துத் தொட்டிக்கு அனுப்பும். உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்தாலும் இது ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலிருந்து வரும் வெதுவெதுப்பு. உள்ளே போன காற்று பத்து டிகிரிக்கு மேல் சூடாகி வெளியே வரும். ஹீட்டருக்குச் செலவான மின்சாரம் அப்படியே அறைக்குள் வெப்பமாகத் திரும்புகிறது. ஆவி தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பமும், லிட்டருக்குச் சுமார் 0.7 யூனிட் அளவில், அதோடு சேர்கிறது. மின்சாரம் அதிகம் இழுக்கிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். எப்படியும் அறையைச் சூடாக்கத்தானே போகிறோம்?

நான் அதைக் கேபினின் நடுவில், தரையில் வைத்து, வார்ப்பட்டையால் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால் நம் படகு ஆடும், நிறைந்த தொட்டி சாயும், எனவே கட்டாயம் கட்டுங்கள். தொட்டியை நம்பாமல் வடிகுழாயைச் சமையல்தொட்டிக்கு விட்டால் இன்னும் நல்லது, ஆனால் கருவி அந்தத் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் வடியாது. ஈரப்பத அளவை 55 சதவீதத்தில் வைக்கிறேன். அதற்குக் கீழே கொண்டுபோனால் மின்சாரம்தான் வீண், மரச்சாமானிலும் விரிசல் விழும்.

ஆனால் கருவி ஓடினால் கண்ணாடி வியர்க்காது என்று நினைக்க வேண்டாம். உள்ளே 20 டிகிரி, 60 சதவீத ஈரம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஈரத்தை 50 சதவீதமாக இறக்கினால் அந்த எல்லை ஒன்பதுக்கு வரும். வெளியே உறைபனி இருக்கும் இரவில் அலுமினியச் சட்டம் அதற்கும் கீழேதான் இருக்கும். காந்தப் பட்டை ஒட்டிய அக்ரிலிக் தகட்டைச் சட்டத்தையும் சேர்த்து மூடும்படி உள்பக்கம் பொருத்திய பிறகுதான் என் சன்னல்கள் உலர்ந்தன.

காற்று போகாத இடத்தில் இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். உடம்பின் சூட்டில் ஆவி பஞ்சுக்குள் இறங்கி, அடியில் உள்ள குளிர்ந்த பலகையில் பட்டு அங்கேயே தண்ணீராகிறது. மெத்தையின் அடித்துணி சில்லென்று, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். தூங்குகிறவரின் தோள் படும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் மற்ற இடத்தைவிட நெருக்கமாக இருக்கும். இதற்கென்றே, விறைப்பான பிளாஸ்டிக் இழைகள் சுருள் சுருளாகப் பின்னிய விரிப்பு கிடைக்கிறது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் காற்றை ஓடவிடும். படுத்தால் முதுகுக்குத் தெரியாது. அதை விரித்து, பலகையிலும் வரிசையாகத் துளை போட்டுவிட்டேன். டீஹியூமிடிஃபையரின் விலையில் சிறு பங்குதான், பயன் ஏறக்குறைய சமம். அலமாரிக் கதவுகளிலும் மேலே கீழே துளை வேண்டும். துணியைப் படகின் பக்கச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

சரி, கரை மின்சாரம் இல்லாதவர்கள்? இந்தக் கருவி 600 வாட் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் போகும். நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே வேண்டாம். புகைபோக்கி உள்ள விறகடுப்போ டீசல் ஹீட்டரோ வைத்துக்கொண்டு, காற்றுத்துளைகளைத் திறந்து வையுங்கள். வெளியே 5 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் 40 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். சூடும் காற்றோட்டமும் சேர்ந்தால் அதுவே உலர்த்தும். ஒன்று மட்டும் இருந்தால் உலர்த்தாது. புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை மட்டும் படகுக்குள் கொண்டுவராதீர்கள். அது எரியும்போது உண்டாகும் ஈரமெல்லாம் அறைக்குள்ளேயே நிற்கும், கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. குளிர் வருகிறது என்று நிரந்தரக் காற்றுத்துளைகளில் துணி அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அந்தத் துளைகள் உயிரைக் காக்க வைத்தவை.

கால்சியம் குளோரைடு உப்புப் பெட்டிகளை மூடிய அலமாரிக்குள் வைக்கலாம், குடியிருக்கும் கேபினுக்கு அவை போதவே போதாது. அடியில் சேரும் உப்புநீர் கொட்டினால் இரும்பை அரிக்கும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்த பெல்டியர் வகைச் சின்னக் கருவிகள் குளிரில் கரண்டிக் கணக்கில்தான் நீர் எடுக்கும். காசை வீணாக்க வேண்டாம்.

குறை என்றால் சத்தம். முழுவேகத்தில் மின்விசிறி இரைவது தலைமாட்டில் கேட்கும், இரவில் குறைந்த வேகத்துக்கு மாற்றிவிடுகிறேன். வடிகட்டி வலையில் துணிப்பஞ்சு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். துறையின் மின் இணைப்பு குறைந்த ஆம்பியர் உடையதென்றால், தண்ணீர் கெட்டிலை இதனோடு சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மின்சாரம் போய் வந்தால் கருவி தானாக, முன்பிருந்த அளவிலேயே மறுபடி ஓடத் தொடங்குமா? பல மாடல்கள் அப்படியே அணைந்து நின்றுவிடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவருக்கு அந்த மாடலால் பயனில்லை.