ஒரு கடலோர ஊர் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்? செல்லானத்தின் முன்னுள்ள மூன்று வழிகள்

கொச்சிக்குத் தெற்கே, அரபிக்கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த மீனவ ஊர் செல்லானம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போதும், பெருந்தொற்றின் இரண்டாம் அலை நடந்துகொண்டிருந்த 2021 மே மாதத்தில் டவ்தே புயலின்போதும், கடல் இங்கே வீடுகளுக்குள் புகுந்தது. இந்த ஊருக்கான வழிகளாக மூன்று பேசப்படுகின்றன: சுவர் கட்டிக் கடலைத் தடுப்பது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது, வருகிற நீரோடு வாழும்படி வீட்டையும் நிலத்தையும் மாற்றிக்கொள்வது. இவற்றைச் செலவுக் கணக்கை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். எந்த வழி எந்த வெள்ளத்தை எந்த அளவுக்குத் தாங்கவைக்கும் என்று பார்ப்பதே பொருத்தமான ஒப்பீடு என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் செல்லானத்துக்கு வரும் வெள்ளம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது மேற்கிலிருந்து வருவது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களிலும் புயல் நாட்களிலும் அலை கரையேறி, மணலை வீட்டுக்குள் தள்ளி, சுவரை இடித்துவிட்டுப் போகிறது. இரண்டாவது கிழக்கே காயல் பக்கமிருந்து சத்தமில்லாமல் வருவது. விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில் தொடங்கி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதநீர், அதாவது கடல் பொங்கும்போது காயலுக்குள் ஏறும் நீர், வாய்க்கால் வழியாக ஏறி முற்றத்தையும் தரையையும் நனைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கொச்சிக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், வீட்டுத் தரைகளும் அந்தச் சிறிய அளவை நம்பியே போடப்பட்டவை. ஏற்ற இறக்கம் குறைவாக உள்ள கரையில் கடல்மட்டம் சில அங்குலம் உயர்ந்தாலே, ஆண்டுக்கு ஓரிரு முறை வாசலை எட்டிப்பார்த்த நீர் அந்த மாதங்களில் வாரக்கணக்கில் வரத் தொடங்கிவிடும். காயலின் அடியில் வண்டல் படிந்து ஆழம் குறைந்ததும், தூர்ந்தும் குறுகியும் போன வாய்க்கால்களும் இதை இன்னும் மோசமாக்குகின்றன.

தாங்கும் அளவு என்பதை நீரின் உயரத்தால் மட்டும் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணுக்கால் அளவு நீர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அது ஒரு நாள் தொல்லை. அதே நீர், அதுவும் உப்புநீர், ஒரு பருவத்தில் இருபது முறை வந்தால் வீட்டின் ஆயுளே குறைந்துவிடும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்து, உள்ளே செங்கல்லும் மாவாகத் தொடங்கும், கழிவறைத் தொட்டியில் நீர் நிரம்பிக் கழிவு மேலே வரும், கிணறு உவர்த்துப்போகும். பெண்கள் அதிகாலையிலேயே கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கிச் சாமான்களைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். கழிவறை எத்தனை நாள் பயன்படாமல் போனது, எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று எண்ணினால்தான் அந்த ஊரின் தாங்கும் அளவு தெரியும். அந்த எண்ணிக்கை அங்கே வாழ்பவர்களிடம்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து முதலில் சுவரைப் பார்ப்போம். கருங்கல்லைக் கொட்டிக் கட்டிய பழைய தடுப்புகள் அடியில் மணல் அரித்துச் சரிந்துகொண்டே இருந்தன. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் திட்டத்தைக் கொண்டு, ஏறத்தாழ 344 கோடி ரூபாய்ச் செலவில், ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு, நான்கு கால் கொண்ட கான்கிரீட் டெட்ராபாடுகளை அடுக்கிப் புதிய சுவர் கட்டப்பட்டது. அது கட்டப்பட்ட பகுதியில், பருவமழைக் காலத்தில் மக்கள் தங்கள் வீட்டிலேயே உறங்க முடிகிறது. வேறு எந்த வழியும் இவ்வளவு விரைவில் இந்தப் பலனைத் தந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே, கண்ணமாலிப் பக்கத்தில், கடலேற்றம் தொடர்கிறது. மணலின் வரத்து குறைந்துபோன கரையில் ஓர் இடத்தை மட்டும் கெட்டிப்படுத்தினால் அலையின் வேகம் அடுத்த இடத்தைத் தேடிப் போகும் என்பது கடலோரப் பொறியியலில் பழைய பாடம். கொச்சித் துறைமுகத்தின் கப்பல் கால்வாயில் தூர்வாரும் மணலைக் கரையிலேயே கொட்ட வேண்டும் என்று இங்குள்ள மக்கள் நெடுங்காலமாகக் கேட்பதன் நியாயமும் இதுவே. இன்னொன்று, மேற்கே எவ்வளவு உயரமான சுவர் எழுந்தாலும், கார்த்திகையில் கிழக்கே ஏறும் ஓதத்தை அது ஒரு விரற்கடை கூடக் குறைப்பதில்லை. சுவர் தரும் தாங்குதிறன் பெரியது, ஆயினும் பாதி வெள்ளத்துக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது வழி இடம்பெயர்தல். கேரள அரசின் ‘புனர்கேகம்’ திட்டம் ஓதம் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பத்துக்கு நிலத்துக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து 10 லட்சம் ரூபாய் தருகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் நில விலையில் இந்தத் தொகைக்குக் கடலுக்குப் பக்கத்தில் மனை கிடைப்பது கடினம். எனவே ஒவ்வொரு குடும்பமும் ஆளுக்கொரு திசையில் சிதற நேரிடும். கடல் எப்படி இருக்கிறது என்று வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு வள்ளம் இறக்குகிறவருக்கு, பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் நல்ல வீடு தொழிலை விட்டு விலகுவதற்குச் சமம். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில், 200 மீட்டருக்கு அப்பால் போவோருக்கே புது வீடு என்று அரசாணை வந்தபோது எழுந்த மனக்குறையும் இதே வகையானது.

ஊரையே ஒன்றாக நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சதபாயா எடுத்துக்காட்டு. கேந்திரபாரா மாவட்டத்தில் கடல் ஒவ்வொன்றாக விழுங்கிய கிராமங்களில் எஞ்சியிருந்த 571 குடும்பங்களைப் பகபாட்டியா என்ற இடத்தில் அரசு குடியமர்த்தியது. பெண்களே பூசை செய்யும் பஞ்சுபாராஹி அம்மன்களின் சிலைகளும் 2018-இல் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. அக்கம்பக்கம் கலையாமல், தெய்வத்தோடு சேர்ந்து போனது இதன் சிறப்பு. மனை கிடைத்தது, உழுவதற்கு நிலம் கிடைக்கவில்லை என்பது இதன் குறை. ஆண்கள் பலர் வேலை தேடிக் கேரளம் வரை வருகிறார்கள்.

வேல்ஸ் நாட்டின் ஃபேர்பர்ன் ஊரில் நடந்தது வேறு விதம். அந்த ஊரின் கரையை 2050-களுக்குப் பிறகு காக்கப் போவதில்லை என்ற திட்டத்தை உள்ளாட்சி மன்றம் 2013-இல் ஏற்றுக்கொண்டது. கெடு நாள் பல பத்தாண்டுகள் தள்ளியிருந்தும், செய்தி பரவியதுமே வீடுகளின் விலை விழுந்தது, வீட்டுக் கடன் கிடைப்பது அரிதானது. கடல் வருவதற்கு முன்பே அறிவிப்பு ஊரைத் தாக்கிவிட்டது. இடப்பெயர்ச்சியை அறிவிக்கிறவர்கள் போகுமிடத்தையும் இழப்பீட்டையும் அதே நாளில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழியை, அதாவது நீரோடு வாழ்வதை, கையாலாகாத நிலை என்று நினைப்பவர்கள் உண்டு. செல்லானத்தின் வயல்களே அதற்கு மறுப்பு. இந்தப் பகுதியின் பொக்காளி வயல்களில், மழைநீர் உப்பைக் கழுவிவிடும் மாதங்களில் நெடிதாக வளரும் உப்பு தாங்கும் நெல்லை விளைவித்து, அறுவடைக்குப் பின் மதகைத் திறந்து ஓதநீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பார்கள். எப்போது எவ்வளவு நீர் வரலாம் என்பதை வரப்பும் மதகும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மனிதரும் தீர்மானித்த ஏற்பாடு அது. ஓதம் பரவிக் கிடப்பதற்கு இடமும் அங்கே இருந்தது. நெல் சாகுபடி சுருங்கி வரப்புகள் கவனிப்பாரற்றுப் போன இடங்களில், அதே ஓதம் பக்கத்துக் குடியிருப்புக்குள் போகிறது.

இந்த வழியின் முழு வடிவத்தை ஜெர்மனியின் வடகடல் ஓரத்திலுள்ள ஹாலிக் தீவுகளில் காணலாம். அங்கே மேய்ச்சல் நிலத்தை ஆண்டுக்குப் பலமுறை கடல் மூடுகிறது; மண்ணைக் குவித்து எழுப்பிய மேடுகளில் வீடும் தொழுவமும் இருப்பதால், முன்கூட்டியே மாடுகளை மேலே ஓட்டிவிட்டு மக்கள் காத்திருக்கிறார்கள். வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல்தான் அந்த நிலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறது என்பதால், கடலை முற்றிலும் தடுக்காமல் இருப்பதே அவர்களுக்கு ஆதாயம். 1962-இன் பெரும்புயலுக்குப் பிறகு, வீடே இடிந்தாலும் நிற்கும்படி கான்கிரீட் தூண்களின் மேல் ஒரு புகலிட அறை வீடுகளில் கட்டப்பட்டது. மிக மோசமான இரவுக்கும் விடை இருப்பதால்தான் மற்ற நாட்களின் வெள்ளம் அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

ஹாலிக் தீவுகளை அப்படியே செல்லானத்துக்குப் பொருத்த முடியாது. அங்கே ஒரு தீவில் அதிகம் போனால் சில பத்துக் குடும்பங்கள், இங்கே நெருக்கமான குடியிருப்பு. அங்கே மேடு எழுப்ப அரசின் பணம் வருகிறது, இங்கே தரையை உயர்த்தும் செலவு கூலிக்காரர் தலையில் விழுகிறது. வசதியுள்ளவர் மண் அடித்துத் தன் மனையை உயர்த்தினால் அந்த நீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எனவே இது தனி வீட்டு வேலையாக நடந்தால் ஏழைகளுக்கு எதிராகவே முடியும். தெரு முழுவதையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். மேற்கே அலையைச் சுவரால் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். கண்ணமாலிக்கு அதைக் கொண்டுபோகும்போது மணலைத் திரும்பக் கொட்டும் பணியையும் சேர்த்தே ஒப்பந்தம் போட வேண்டும். கிழக்கே ஓதத்துக்குச் சுவர் மருந்தாகாது. அங்கே வாய்க்காலைத் தூர்வாருவது, பொக்காளி வரப்பையும் மதகையும் செப்பனிடுவது, கழிவறைத் தொட்டிகளை ஓதமட்டத்துக்கு மேலே அமைப்பது, தெருவாரியாகத் தரையை உயர்த்துவது ஆகியவற்றுக்கு, சுவரின் செலவோடு ஒப்பிட்டால் சிறியதொரு பங்கே போதும் என்று நினைக்கிறேன். இடம்பெயர்தல் கடைசி வழியாக இருக்கட்டும். அது தேவைப்படும் குடும்பங்களுக்கு, கடல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், அக்கம்பக்கத்தோடு சேர்த்து மனை தர வேண்டும். எந்தத் தெரு எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதை முடிவு செய்ய, ஒவ்வொரு வீட்டிலும் நீர் ஏறிய நாட்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை ஊராட்சி இந்தக் கார்த்திகையிலேயே தொடங்கலாம். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.