பெயிண்ட் அடிக்கிற கிச்சன் கேபினெட்டுக்கு பாப்லர் கதவு: வருஷக்கணக்கா புழங்கின அனுபவம்

பாப்லர் மரக் கதவு போடலாமா வேணாமான்னு கேட்டா, போடலாம், ஆனா எல்லா கதவுக்கும் வேணாம். மேல் கேபினெட்டுக்கு கண்ண மூடிட்டு போடுங்க. கீழ காலும் பாத்திரமும் இடிபடுற வரிசைக்கு மட்டும் கொஞ்சம் யோசிங்க.

என்னோடது டுலிப் பாப்லர், தாவரவியல் பேரு லிரியோடென்ட்ரான் டுலிபிஃபெரா, மேக்னோலியா குடும்பத்து மரம். பாப்லர்னு சொல்லி ஆஸ்பென், காட்டன்வுட் வகையும் வரும், அதெல்லாம் இதவிட மெத்து. ஃப்ரேம் மட்டும் பாப்லர், நடுப் பலகை பெரும்பாலான கதவுல எம்டிஎஃப் (மரநார அழுத்தி செஞ்ச பலகை), ரெண்டு கதவுல மட்டும் நடுப் பலகையும் மரம். இந்த ரெண்டுதான் எனக்கு நிறைய பாடம் சொல்லிக் குடுத்துச்சு, அத அப்புறம் சொல்றேன்.

பலகை வந்து எறங்கினப்ப பாத்தா பச்சையும் ஊதாவுமா கோடு கோடா இருந்துச்சு, வீட்ல எல்லாரும் என்னடா மரம் பூஞ்சை புடிச்சிருக்குன்னு கேட்டாங்க. பூஞ்சை இல்ல, பாப்லரோட உள்மர நிறமே அதுதான். வார்னிஷ் அடிக்கிறவனுக்கு அது தலைவலி, பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அதனாலயே லாபம், நிறம் பாத்து பொறுக்கி எடுக்கிற செலவு மிச்சம். ஓக் மாதிரி கண்ணு கண்ணா துளை கிடையாது, அதனால துளையடைக்க பட்டி பாக்குற வேலையும் இல்ல, பெயிண்ட் கண்ணாடி மாதிரி உக்காருது.

ஒரே தொல்லை, மொத பிரைமர் அடிச்சு காஞ்சதும் கைய வச்சு தடவினா சுணை சுணையா நார் எழுந்து நிக்கும். 220 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேச்சுட்டு ரெண்டாவது பிரைமர் அடிச்சா அடங்கிடும், இத தாண்டிட்டு நேரா பெயிண்டுக்கு போனா கதவு முழுக்க சொரசொரன்னு தெரியும். அப்புறம் ஃப்ரேமோட மேல்முனை கீழ்முனை, அதாவது மரத்த குறுக்க வெட்டின பக்கம், அது பிரைமர குடிச்சுட்டே இருக்கும், அங்க ஒரு கோட் சேத்து அடிக்கணும். யாரும் குனிஞ்சு பாக்காத இடம்னு பெயிண்டர் விட்டுட்டு போறதும் அங்கதான், தண்ணி மொதல்ல ஏறுறதும் அங்கதான்.

இப்ப விரிசல் விஷயம். எங்க பாத்தாலும் பாப்லர் போட்டா ஜாயிண்ட்ல பெயிண்ட் வெடிக்குதுன்னு பொலம்பல். எனக்கும் வந்துச்சு. நிமிந்து நிக்கிற சட்டமும் குறுக்குச் சட்டமும் சேர்ற இடத்துல முடி கனத்துக்கு ஒரு கோடு, டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சாதான் தெரியும், காத்து காஞ்ச மாசத்துல திறக்கும், ஈரமான மாசத்துல மூடிக்கும். ஆனா இதுக்கு பாப்லர திட்டுறது நியாயமில்ல. எந்த மரமா இருந்தாலும் ஈரத்துக்கு அகலவாக்குல விரியும் சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையாது, ரெண்டு சட்டமும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க நிக்கிறப்ப நடுவுல மாட்டிக்கிட்ட பெயிண்ட் என்ன பண்ணும் பாவம். மேப்பிள் போட்டாலும் இதே கதைதான். கோடே கூடாதுன்னு புடிவாதமா இருந்தா ஒரே பலகையா குடைஞ்செடுத்த எம்டிஎஃப் கதவு வாங்குங்க, வேற வழி இல்ல.

மர நடுப்பலகை வச்ச ரெண்டு கதவுல கூத்தே வேற. 30 சென்டிமீட்டர் அகலப் பலகைன்னா, மரத்துல இருக்குற ஈரம் நாலு சதவீதம் கொறஞ்சா, அறுத்த வாக்க பொறுத்து மூணு, மூணரை மில்லிமீட்டர் வரைக்கும் சுருங்கலாம். சுருங்கினதும் ஓரத்துல பெயிண்ட் படாத வெறும் மரம் ஒரு கோடா எட்டிப் பாக்கும். வெள்ளக் கதவுல அது எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. நடுப்பலகைக்கு எம்டிஎஃப் போதும், மரம்தான் வேணும்னா ஃப்ரேம்ல கோக்குறதுக்கு முன்னாடியே பலகைய முழுசா பெயிண்ட் அடிச்சுடுங்க.

பாப்லர உண்மையிலேயே குறை சொல்லணும்னா அது மெத்துங்கறதுதான். மரம் எவ்ளோ அமுங்காம தாங்கும்னு சொல்ற ஜான்கா கடினத்துல (எண் கூடினா மரம் கெட்டி) பாப்லர் 540, சாஃப்ட் மேப்பிள் 950 கிட்ட, ஹார்டு மேப்பிள் 1450. எண்ணா பாத்தா புரியாது, குப்பைக்கூடை இழுக்குற கதவ பாத்தா புரியும். கைப்பிடிக்கு கீழ மோதிரம் பட்டு பட்டு குழி குழியா ஆயிடுச்சு, பெயிண்ட் உரியல, மரமே உள்ள அமுங்கிடுச்சு, பெயிண்டும் அதோட சேந்து உள்ள போயிடுச்சு. அந்த ஒரு கதவ மட்டும் சாஃப்ட் மேப்பிள்ல மாத்தி அதே பெயிண்ட் அடிச்சேன், பக்கத்துல பக்கத்துல நின்னாலும் எது எதுன்னு வர்றவங்க யாருக்கும் தெரியல, குழி மட்டும் விழல. அதனாலதான் சொல்றேன், கீழ் டிராயர், குப்பைக்கூடை, அடுப்புப் பக்கத்துக் கதவு இதுக்கு மேப்பிள், மிச்சத்துக்கு பாப்லர். கலந்து போட்டா தப்பே இல்ல, மேல பெயிண்ட் ஒண்ணுதானே.

எடை விஷயத்துல பாப்லருக்குதான் என் ஓட்டு. முழு எம்டிஎஃப் கதவவிட நல்லாவே லேசு, உயரமான கதவு கூட இதுவரைக்கும் தொங்கல, கீலோட ஸ்க்ரூவும் மரத்துல கெட்டியா புடிச்சு நிக்குது. சிங்க்குக்கு அடியில ஒருதடவ குழாய் ஒழுகி ராத்திரி பூரா தண்ணி நின்னுச்சு, ஃப்ரேம் காஞ்சதும் பழையபடி ஆயிடுச்சு, நடுப்பலகையோட கீழ் ஓரம் உப்பினது உப்பினபடியே நிக்குது. எம்டிஎஃப் தண்ணி குடிச்சு வீங்கினா திரும்ப அடங்காது.

பெயிண்ட பத்தி ரெண்டே வார்த்தை. செவுத்துக்கு அடிக்கிற சாதா எமல்ஷன் வேணாம், கதவு மூடுற இடத்துல ஒட்டிக்கிட்டு திறக்கும்போது பிச்சுக்கிட்டு வரும். தண்ணியில கரையிற ஆல்கிட் எனாமல் அடிச்சது இப்பவும் நல்லா இருக்கு, ஆனா தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள வரைக்கும் இறுக ஒரு மாசம் போல ஆகும், அதுவரைக்கும் தேச்சு கழுவாதீங்க. கதவோட உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கம் மாதிரியே அதே அளவு கோட் அடிக்க சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஈரம் ஏறுறது எறங்குறது சமமில்லாம கதவு வளைஞ்சுக்கும். மிச்ச பெயிண்ட சின்ன பாட்டில்ல வாய் வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடி வைங்க, குழிய பட்டி வச்சு அடைச்சு தேச்சு அதுல தொட்டு வைக்கலாம், கடையில திரும்ப கலக்கி வாங்கினா அதே வெள்ள வராது.