குன்னூர் மழையில் நேதன் டிரேக்: பழைய மூன்று கேம்கள், பிஎஸ்4-ல் சில வருஷம்

விளையாடி முடித்த கேமையே மறுபடி காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: படம் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள், கைக்கு ஓடுகிற சுகத்துக்காக வாங்கலாம். புதையல் தேடி அலையும் நேதன் டிரேக்கை வைத்து 2007, 2009, 2011-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்கு (பிஎஸ்3) வந்த மூன்று கேம்களை ஒரே டிஸ்க்கில் போட்டு, 2015-ல் அடுத்த தலைமுறையான பிஎஸ்4-க்கு வந்தது ‘அன்சார்ட்டட்: தி நேதன் டிரேக் கலெக்‌ஷன்’. கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டிஸ்க் இங்கே குன்னூர் வீட்டில் சில வருஷமாக ஓடுகிறது.

பழைய டிஸ்க்கையே பிஎஸ்4-ல் போட்டால் ஓடாதா? ஓடாது. பிஎஸ்3-ல் இருந்த ‘செல்’ என்கிற பிராசஸர் தனி ரகம்: ஒரு முக்கிய கோர், அதற்கு எடுபிடியாகச் சின்னச் சின்ன கோர்கள். அந்த எடுபிடிகளைப் பிழிந்து வேலை வாங்கித்தான் இவற்றை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனம் இந்த கேம்களை ஓட வைத்தது. பிஎஸ்4-ல் இருப்பதோ கம்ப்யூட்டர் வகை ஏஎம்டி சிப். அதற்குத் தோதாக மாற்றி எழுதிய வேலை ப்ளூபாயின்ட் கேம்ஸ் என்கிற இன்னொரு நிறுவனத்துடையது. படத்தின் கூர்மை 720பி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்று இருந்தது 1080பி, 60 ஃப்ரேம் ஆனது.

1080பி கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. 60 ஃப்ரேம் அப்படியில்லை. இரண்டாம் பாகத்து ரயில் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கிளம்பி பனிமலை வரை ஏறுகிற ரயில். பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டே சுட வேண்டும். ரயிலை நிறுத்திவைத்து பின்னணியை மட்டும் ஓட்டுகிற ஜோடனை கிடையாது, நிஜமாகவே அந்த உலகத்துக்குள் ஓடுகிறது. வளைவு வந்தால் முன் பெட்டிகள் பக்கவாட்டில் தெரியும். அங்கே பதுங்கியிருப்பவனை அந்த நேரத்தில் குறி பார்க்க வேண்டும். பிஎஸ்3-ல் குறி கொஞ்சம் தாமதித்துத்தான் வந்து சேரும். இதில் கட்டைவிரல் நிறுத்திய இடத்தில் நிற்கிறது. (கல்லாறு தாண்டி பல்சக்கரத்தில் ஊர்ந்து ஏறும் நம்ம ஊர் ரயிலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மலை ஏறும் ரயிலின் அந்த வேகம் கொஞ்சம் ஓவர்தான்.)

முதல் பாகம் வேறு கதை. கன்ட்ரோலரைச் சாய்த்துக் குண்டு எறிகிற பழைய தொல்லையை எடுத்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் ஒரு கூட்டத்தைச் சுட்டு முடித்தால் அடுத்த கூட்டம், அப்புறம் இன்னொன்று. நாலு குண்டு வாங்கியவனும் எழுந்து வருவான். அந்த அலுப்பு அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்த்த ‘எக்ஸ்ப்ளோரர்’ என்கிற சுலப நிலை இதற்குக் கைகொடுக்கும். அக்கா பையன் அதில்தான் விளையாடுகிறான்: “சுடுறது போதும் மாமா, சுவர் ஏறுறதுதான் ஜாலி.” நானும் அதே கட்சிதான்.

நெட் வழியே பலர் சேர்ந்து ஆடும் மல்ட்டிபிளேயரைச் சேர்க்கவில்லை என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். பிஎஸ்3-ல் இந்த கேம்களுக்கு இருந்த சர்வர்களையும் 2019-ல் மூடிவிட்டதால் இனி அதற்கு வழியில்லை. மழைக்காலத்தில் நெட் போய்ப் போய் வரும் எங்களுக்கு, டிஸ்க்கைப் போட்டால் தனியாக ஓடுவதே பெரிய விஷயம்.

மலையில் பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பரில் கம்பி மேல் மரம் விழுந்து கரன்ட் போகும். திரும்ப ஆன் செய்ததும் பிஎஸ்4 முதலில் தன் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். கேம் அங்கங்கே தானே சேவ் செய்வதால் கடைசிச் சண்டை மட்டும்தான் போகிறது. இருந்தாலும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிடுங்கள். குளிரால் ஒரு லாபம்: சமவெளி நண்பர்கள் புலம்புகிற ஃபேன் இரைச்சல் இங்கே குறைவு.

பிஎஸ்5 வைத்திருந்தாலும், டிஸ்க் போடும் மாடல் என்றால் இதே டிஸ்க் ஓடும். நான்காம் பாகம் இதில் இல்லை. அது 2022-ல் பிஎஸ்5-க்கு வந்த ‘லெகசி ஆஃப் தீவ்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பாகத்தைச் சுலப நிலையில் ஓட்டிவிட்டு, சீக்கிரம் இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள்.