விசிலை எண்ணாமல் சமைக்கும் குக்கர்

எங்கள் வீட்டில் வார நாள் இரவுச் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் துணைப்பாட வகுப்பு முடிந்து வரும்போதே “என்னப்பா இன்னைக்கு?” என்று கேட்டுக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவார்கள். புளோக்குக்குக் கீழேயே உணவங்காடி இருக்கிறது, போகாமல் இல்லை. ஆனால் பெரும்பாலான நாள்களை ஓட்டுவது 5 லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்றுதான். முந்தைய வாடகை வீட்டின் கேஸ் அடுப்பில் தொடங்கி, இப்போதைய சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் இண்டக்ஷன் அடுப்பு வரை கூடவே வந்திருக்கிறது.

ஏன் ஸ்டீல்? அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்ஷனில் சூடே ஆகாது. சாதாரண அலுமினியக் குக்கர் அங்கே வெறும் அலங்காரப் பொருள். இன்னொன்று, புளி. சாம்பாரையும் புளிக்குழம்பையும் நேரடியாகவே உள்ளே கொதிக்க விடுகிற வீடு எங்களுடையது. அலுமினியம் புளிப்புக்கு ஈடு கொடுக்காது, உள்பக்கம் மங்கிக் குழிவிழும். ஏன் 5 லிட்டர்? நாலு பேர் சாப்பாட்டுக்கு 3 லிட்டரே போதும் என்று கடையில் சொல்வார்கள். குழம்பு மட்டும் வைப்பதென்றால் போதும்தான். பருப்பும் சோறும் அடுக்கி வைக்க அதில் உயரம் இருக்காது.

ஹாக்கின்ஸ் மாதிரி உள்மூடியா, பிரஸ்டீஜ் மாதிரி வெளிமூடியா என்பது அவரவர் கைப்பழக்கம். உள்மூடி, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே விடாது. வெளிமூடியில் உள்பாத்திரங்களை எடுத்து வைப்பது எளிது. என்னுடையது வெளிமூடி.

அப்புறம், விசில். பருப்புக்கு நாலு, மட்டனுக்கு எட்டு என்று சொல்லிவிடுகிறார்கள். யார் வீட்டு அடுப்பில்? பெரிய தீயில் எட்டு விசில் மளமளவென்று வந்துவிடும், கறி அப்படியே இருக்கும். சிறு தீயில் கறி பஞ்சாக வெந்த பிறகும் மூன்றாவது விசில் வந்திருக்காது. இண்டக்ஷனுக்கு மாறியபோது இது நன்றாகவே தெரிந்தது. அதே குக்கர், அதே துவரம்பருப்பு, அதே நாலு விசில். பருப்பு மட்டும் கடிபட்டது. இண்டக்ஷன் சட்டென்று சூடேற்றி விசில்களை அடுத்தடுத்து அடித்துத் தள்ளிவிடுகிறது, பருப்புக்கு வேக நேரம் கிடைப்பதில்லை.

வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு கூடுதலாக இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 121 டிகிரி செல்சியஸ் வரை போகும். வேகவைப்பது அந்தச் சூடுதான். அதை எட்டிய பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது. ஆவிதான் வீணாக வெளியே போகும், அடுப்படி புழுங்கும். சிங்கப்பூர் வெயிலில் அது ஒரு தனிக் கொடுமை.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். முதல் விசில் வரை அதிகச் சூடு. உடனே குறைத்துவிடுவேன். வெயிட் தூக்காமல், ஓரத்தில் மெல்லிசாக ‘ஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டும், கொஞ்சம் ஆடிக்கொண்டும் இருக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்ததும் போனில் நேரம் வைத்துவிடுவேன். ஊறாத துவரம்பருப்பை நேரடியாகக் குக்கரில் போட்டால் பத்து நிமிஷம். உள்பாத்திரத்தில் வைத்தால் அதற்கு மேல் ஒரு நாலைந்து நிமிஷம். எந்த அடுப்பானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

அடுக்கிச் சமைப்பதுதான் குக்கர் வாங்கியதற்கே அர்த்தம். அடியில் இரண்டு தம்ளர் தண்ணீர், ஒரு துளைத்தட்டு. கீழ்ப் பாத்திரத்தில் மஞ்சள் தூளும் சில சொட்டு நல்லெண்ணெயும் சேர்த்த பருப்பு. மேலே சோறு. அதன் மேல் சின்னத் தட்டில் இரண்டு உருளைக்கிழங்கோ, ஒரு பீட்ரூட்டோ. இதில் ஜோடிப் பொருத்தம் முக்கியம். இங்கே பல வீடுகளிலும் ஜாஸ்மின் அரிசிதான். அது ஐந்தாறு நிமிஷத்தில் மலர்ந்துவிடும். துவரம்பருப்போடு சேர்த்து வைத்தால் பருப்பு வேகும்போது சோறு களியாகிவிடும். ஜாஸ்மினுக்கு மைசூர் பருப்புதான் சரியான ஜோடி, இரண்டும் ஒரே வேகத்தில் வெந்துவிடும். துவரம்பருப்பு வைக்கும் நாளில் பொன்னி புழுங்கலரிசி. ஜாஸ்மின்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே துவரம்பருப்பைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். வெளியே வைத்தால் இந்த ஊர்ச் சூட்டில் சாயங்காலத்துக்குள் நுரைத்துவிடும். சோற்றில் வாசனைக்கு ஒரு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு வைப்பதை மனைவி மலாய்த் தோழி ஒருவரிடம் கற்றுக்கொண்டார். ஜாஸ்மினுக்கு அருமை. பொன்னிக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மட்டனுக்கு வாரக் கடைசியில் தேக்கா சந்தை. எலும்போடு வாங்கும் ஆட்டுக்கறிக்கு, சீறல் தொடங்கியதிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிஷம் தருகிறேன். இளங்கறி என்றால் பதினைந்தே போதும். மசாலா வதக்கியதும் அரை தம்ளர் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிவிட்ட பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீல் அடிப்பிடிக்கும்.

கோழியைக் குக்கரில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிராய்லர் சட்டியிலேயே சீக்கிரம் வெந்துவிடும், குக்கரில் நார்நாராகப் பிரியும். மீன், கீரை, வெண்டைக்காய் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் நேர்மாறு: இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் குக்கரில் வைத்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் ஒரு நச்சு உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக்கரில் அந்தச் சூடு கிடைக்காமல் போகலாம்.

பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாத நாளில் நெத்திலிக் கருவாடு போட்ட அரிசிக் கஞ்சி. கஞ்சி, பருப்பு, பயறு எதுவானாலும் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். மற்றவற்றுக்கு முக்கால் கூட வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு. கஞ்சி வைத்துவிட்டு அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் சுவரெல்லாம் கோலம்தான். தானாக ஆவி அடங்கட்டும்.

என் அக்கா வீட்டில் எலக்ட்ரிக் குக்கர். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வேகத்துக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலானவற்றில் அழுத்தம் 10 முதல் 12 பவுண்டுதான். அழுத்தம் ஏறவும் நேரம் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் அடுப்புக் குக்கரைவிடத் தாமதம். அதன் பலம் வேறு: பொத்தானை அமுக்கிவிட்டுப் பிள்ளையை அழைத்துவரக் கீழே போகலாம். சீறும் குக்கரை அடுப்பில் விட்டுவிட்டு நான் வாசலைத் தாண்ட மாட்டேன். தூங்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் எலக்ட்ரிக்தான் நல்லது, விசிலே கிடையாது.

இத்தனை காலத்தில் செலவு வைத்தது கேஸ்கட் மட்டும்தான். ரப்பர் தளர்ந்துவிட்டால் மூடி ஓரத்தில் தண்ணீர் வழியும், விசில் வராது. ஃபிரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அன்றைய சமையல் ஒப்பேறும், அவ்வளவுதான். இணையத்தில் ‘எல்லாக் குக்கருக்கும் பொருந்தும்’ என்று ஒன்றை மலிவாக வாங்கினேன், எதற்கும் பொருந்தவில்லை. இப்போது சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக்கடைக்குப் பழைய கேஸ்கட்டையே கையில் கொண்டு போய், அதே கம்பெனி, அதே லிட்டர் என்று கேட்டு வாங்குகிறேன். பாதுகாப்பு வால்வையும் கேட்டு வாங்கி வையுங்கள், அதுவும் காலாவதியாகும் பொருள்தான். கழுவும்போது ஆவித் துளையை வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடியை மூடி வைக்காமல் கவிழ்த்து வைத்தால் உள்ளே வாடை தங்காது. கைப்பிடித் திருகு மட்டும் அடிக்கடி தளரும். அதற்கென்றே ஒரு திருப்புளி கரண்டி டிராயரில் கிடக்கிறது.